பேர் சொல்லும் பிள்ளைக்கு ஒரு குட்டிப் பேர்!

வசம்புக்கு நம் பக்கத்தில் இரண்டு செல்லப் பெயர்கள் உண்டு. ஒன்று ‘பிள்ளை வளர்ப்பான்’. இன்னொன்று ‘பேர் சொல்லா மருந்து’. பொழுது சாய்ந்தபின் அதன் பெயரைச் சொல்லிக் கேட்கக் கூடாது என்பது பெரியவர்கள் வழக்கம். மருந்துக்குப் பேர் சொல்லாமல் இருந்தால் நஷ்டமில்லை. ஆனால் இன்று பல வீடுகளில் தொட்டிலில் கிடக்கும் குழந்தையே பேர் சொல்லாப் பிள்ளையாகத்தான் வளர்கிறது!

“பேரு வெச்சாச்சுங்களா?” என்று எடப்பாடியில் என்னிடம் வரும் தாய்மாரைக் கேட்பேன். “வெச்சாச்சுங்க. ஜாதகத்துல ஒண்ணு, சர்டிபிகேட்ல ஒண்ணு. ஊட்ல எல்லாரும் கண்ணுன்னுதாங்க கூப்பிடறது” என்பார்கள். அப்பா ஒரு பேர், அத்தை ஒரு பேர், அமெரிக்காவில் இருக்கும் மாமா போனில் ஒரு பேர். பிள்ளை எதற்கென்று திரும்பும், சொல்லுங்கள்?

குழந்தைக்குப் பெயர் வைப்பதில் மருத்துவனுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். வேலை இருக்கிறது. அதற்கு முன் நம் பெயர்களின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

பேரன் என்றால் யார்?

‘பெயரன்’ என்ற சொல்தான் பேச்சில் ‘பேரன்’ ஆயிற்று. தாத்தாவின் பெயரைத் தாங்கியவன் என்று பொருள். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பேர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பேர் என்று வைப்பது கொங்கு நாட்டில் வெகுநாள் பழக்கம். இதில் ஒரு வேடிக்கை. மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது! ஆகவே பெற்ற தாய் தன் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் ‘சாமி’, ‘தங்கம்’, ‘கண்ணு’ என்றே கூப்பிட்டு வளர்த்தாள். அந்தப் பழக்கத்தின் மிச்சம் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது.

குப்பன், குப்புசாமி, பிச்சை, மண்ணாங்கட்டி போன்ற பெயர்களைக் கேட்டு இளைய தலைமுறை சிரிக்கிறது. சிரிக்க வேண்டாம். பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், அடுத்து பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் ஒரு கணம் கிடத்தி எடுத்து, ‘இது குப்பை, எமனுக்கு வேண்டாதது’ என்று வைத்த பெயர் குப்பன். 1971-ல் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020-ல் அது 13 ஆகக் குறைந்துவிட்டது. தடுப்பூசியும், ஆஸ்பத்திரிப் பிரசவமும், தாய்மாரின் படிப்பும் சேர்ந்து செய்த வேலை இது. எமனை ஏமாற்றப் பெயர் வைக்க வேண்டிய காலம் போய்விட்டது. ஆசைப்பட்ட பெயரை நிம்மதியாக வைக்கலாம்.

சின்னப் பேர் எதற்கு?

குழந்தைக்கு முதலில் பழகும் சொற்களில் ஒன்று அதன் பெயர். 1995-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நாலரை மாதக் குழந்தைகளுக்குப் பல பெயர்களை ஒலிபரப்பிக் காட்டினார்கள். மற்றப் பெயர்களைவிடத் தங்கள் பெயரைக் குழந்தைகள் சராசரியாகக் கூடுதல் நேரம் கவனித்துக் கேட்டனவாம். ‘இது நான்தான்’ என்று அந்த வயதில் புரியாது. ஆனால் அடிக்கடி காதில் விழுந்த ஓசை என்று தெரியும். ஒரே பெயரை ஒரே மாதிரி எல்லோரும் சொன்னால்தானே அது அடிக்கடி விழும்? இரண்டு மூன்று எழுத்துப் பெயராக இருந்தால் யாரும் அதைச் சுருக்க மாட்டார்கள், திரிக்க மாட்டார்கள். சின்னப் பெயரின் பெரிய லாபம் இதுதான்.

நம் முன்னோர் பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்தார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி. அதன்பின் ஏறத்தாழ ஒரு வயதில் ‘வாரானைப் பருவம்’. தளர்நடைப் பிள்ளையை ‘வா, வா’ என்று அழைக்கும் பருவம் அது. அழைத்தால் வர வேண்டும் என்பதைப் பாட்டாகவே வைத்திருக்கிறார்கள். இன்றைய குழந்தை மருத்துவமும் அதே வயதில் அதையேதான் பார்க்கிறது.

நம்ம பக்கத்துப் பெயர்கள்

முதலில் முருகன். தைப்பூச யாத்திரையில் எடப்பாடி பருவதராஜகுலத்தார் காவடியுடன் பழனிக்கு நடந்துபோய், மலைமேலேயே பஞ்சாமிர்தம் தயாரித்து, ஓர் இரவு அங்கேயே தங்குவது ஊரறிந்த பெருமை. அந்த முருகனுக்கு எத்தனை சின்னப் பெயர்கள்!

சேய் – குழந்தை என்றும் பொருள், முருகன் என்றும் பொருள். இரண்டே எழுத்து.
வேள் – முருகன். குறுநிலத் தலைவனுக்கும் இப்பெயர் உண்டு.
வேலன் – வேல் ஏந்தியவன்.
குகன் – வடமொழிச் சொல். குகையில் உறைபவன், அதாவது மனக்குகையில் உறையும் முருகன். ராமனுக்கு ஓடம் விட்ட தோழனுக்கும் இதே பெயர்.
குமரன் – இளைஞன். சென்னிமலையில் பிறந்து, கொடியோடு 1932-ல் உயிர்விட்ட திருப்பூர் குமரனையும் நினைவூட்டும் பெயர்.

அடுத்து, கடையெழு வள்ளல்கள். இவர்களில் பலருடைய பெயர் இரண்டு, மூன்று எழுத்துதான்.

ஓரி – நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையை ஆண்ட வில்லாளி. ஆடியில் அங்கே வல்வில் ஓரி விழா நடக்கிறது. நன்கு முதிர்ந்த தேனில் தோன்றும் நிறத்துக்கும் ஓரி என்று பெயர். தேன் விளையும் மலைக்காரனுக்கு எவ்வளவு பொருத்தம், பாருங்கள்!
பாரி – முல்லைக்குத் தேர் கொடுத்த பறம்புமலைத் தலைவன்.
பேகன் – மயிலுக்குப் போர்வை தந்தவன். பழனி மலைப்பக்கம் ஆண்டவன்.
அதியன் – பக்கத்துத் தகடூர், அதாவது இன்றைய தர்மபுரியை ஆண்டவன். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தவன். நெல்லியின் அருமை தெரிந்த எங்களைப் போன்ற வைத்தியர்களுக்குப் பிடித்த பெயர்!

மூவேந்தர் வழியில் மாறன், செழியன் பாண்டியருக்கும், வளவன் சோழருக்கும், ஆதன் சேரருக்கும் உரியவை. நாமக்கல் பக்கமிருந்து காவிரியைத் தாண்டினால் வரும் புகளூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டிலும், கீழடியில் கிடைத்த பானை ஓட்டிலும் ‘ஆதன்’ என்ற பெயர் தமிழி எழுத்தில் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டு கடந்தும் வாயில் அழகாக நுழைகிறது!

இயற்கையிலிருந்து எடுத்தால் முகில் (மேகம்), பரிதி (சூரியன்), மதி (நிலவு, அறிவு), எழில் (அழகு) என்று நிறைய. எனக்குப் பிடித்தது ‘கதிர்’. சூரியனின் கதிர், நெல்லின் கதிர் இரண்டும் உங்களுக்குத் தெரியும். நூல் நூற்கும் கருவியில் நூல் சுற்றும் கம்பிக்கும் கதிர் என்றுதான் பெயர். விவசாயமும் நெசவும் நடக்கும் எடப்பாடிக்கு இதைவிடப் பொருத்தமான மூன்றெழுத்து உண்டா?

வடமொழிப் பெயர் வைக்க விரும்புவோருக்கு அருண் (விடியலின் செம்மை), ரவி (சூரியன்), தருண் (இளமையானவன்), அபய் (பயமற்றவன்) போன்றவை எளிமையானவை. இஸ்லாமியர் வீட்டில் அமீன் (நம்பிக்கைக்குரியவர்), ஹசன் (அழகு, நன்மை உடையவர்), சலீம் (சேதமின்றி நலமாக இருப்பவர்). கிறிஸ்தவர் வீட்டில் நோவா (இளைப்பாறுதல்), ரபேல் (கடவுள் குணமாக்குகிறார்). சலீமும் ரபேலும் நலத்தை வாழ்த்தும் பெயர்கள்.

பொருள் பார்த்து வையுங்கள்

பெயர்ப் பட்டியல்களில் எதற்கெடுத்தாலும் ‘வெற்றியாளன்’, ‘ஒளிமயமானவன்’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியே நம்ப வேண்டாம். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருக்கும். ஓரிக்கு நரி என்ற பொருளும் உண்டு. காரி என்ற வள்ளல் பெயருக்குக் கருமை, சனி என்ற பொருள்களும் உண்டு. தெரிந்தே வைத்தால் குறையில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது கேலி செய்தால், ‘என் பேர் கொல்லிமலை வள்ளல் பேர்’ என்று பிள்ளை நிமிர்ந்து சொல்வான். தெரியாமல் வைத்தால்தான் சங்கடம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இப்போது செல்போனிலேயே இலவசமாகப் பார்க்கலாம். பெயரை முடிவு செய்யுமுன் ஒருமுறை புரட்டுங்கள்.

உச்சரிப்பையும் பாருங்கள். ப, ம ஆகியவை உதடு கூடினாலே பிறக்கும் ஒலிகள். அதனால் குழந்தை வாயில் ‘மா’, ‘பா’ முதலில் வருகிறது. ர, ற, ழ தாமதமாக வரும். பாரி தன்னைப் ‘பாயி’ என்பான், எழில் ‘எயில்’ என்பான். அது இயற்கை. நீங்களும் அதையே திருப்பிச் சொல்லிக் கொஞ்சாமல், சரியாகச் சொல்லிக்கொண்டே இருங்கள்.

கூப்பிட்டுப் பார்த்தீர்களா?

இனி என் தொழில் விஷயம். ஒன்பது மாதக் குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும். வீட்டிலேயே சோதிக்கலாம். குழந்தையை மடியில் உட்கார வைத்துக் கையில் ஒரு பொம்மை கொடுங்கள். வேறொருவர் பின்னால், பக்கவாட்டில், மூன்றடி தள்ளி நின்று சாதாரணக் குரலில் பெயரைச் சொல்லட்டும். கை தட்டக் கூடாது, தொடக் கூடாது, நிழல்கூட விழக் கூடாது. நம் ஊரில் பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டே இருக்கும். தறி நின்ற நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். ஒருநாள் திரும்பாவிட்டால் பதற வேண்டாம், நாலைந்து நாள் விட்டுவிட்டுப் பாருங்கள்.

தொடர்ந்து திரும்பவில்லை என்றால் ‘அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு’ என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரு வயது முடிந்தும் திரும்பாத குழந்தையைக் கட்டாயம் குழந்தை மருத்துவரிடமோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ காட்ட வேண்டும். சொந்தத்தில் கல்யாணம் செய்த பெற்றோர், எடை குறைந்து பிறந்த பிள்ளை, பிறந்தவுடன் கடும் மஞ்சள் காமாலை வந்த பிள்ளை என்றால் ஒன்பது மாதம்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். பிறந்த சில நாட்களிலேயே வலியில்லாமல் காதைச் சோதிக்கும் கருவி இருக்கிறது. காது நன்றாகக் கேட்டும் பெயருக்குத் திரும்பாத பிள்ளைக்கு ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறை இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

சித்த மருத்துவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். காது கேட்கவில்லை என்ற சந்தேகத்தில் எண்ணெயோ, இலைச்சாறோ காதில் ஊற்றாதீர்கள். பேச்சு வரட்டும் என்று வசம்பை உரைத்து நாக்கில் தடவாதீர்கள். பிறவிக் கேட்புக் குறைவை மருந்து திருப்பாது. காது கேட்கும் கருவியும், தேவைப்பட்டால் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையும், பேச்சுப் பயிற்சியும்தான் வழி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை உண்டு. ஆனால் முந்திக் கண்டுபிடித்த பிள்ளைதான் நன்றாகப் பேசும். வீட்டில் ஆளுக்கொரு பேர் சொல்லிக் கூப்பிட்டால், ‘வேற பேர்ல கூப்பிட்டோம், அதான் திரும்பலை’ என்று சமாதானம் சொல்லியே மாதங்கள் ஓடிவிடும். நான் பயப்படுவது இதற்குத்தான்.

பதிவை மறக்காதீர்கள்

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே தகவல் கொடுத்துவிடுவார்கள். ஆனால் பெயர் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. 12 மாதத்துக்குள் சேர்த்தால் கட்டணமில்லை. அதன்பின் 15 வயதுவரை தாமதக் கட்டணத்தோடுதான் சேர்க்க முடியும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர, ஓட்டுநர் உரிமம் வாங்க, பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான். பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் பின்னால் அலைச்சல்.

ஜாதகப் பெயர் வேண்டுமா, வைத்துக்கொள்ளுங்கள். அது ஜாதக நோட்டில் இருக்கட்டும். நியூமராலஜி பார்த்து ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தைக் கூட்டினால், எல்லாக் காகிதத்திலும் அப்படியே எழுதுங்கள். ஒரிடத்தில் கூட்டி, இன்னோரிடத்தில் விட்டுவிட்டால் பிள்ளைதான் பிற்காலத்தில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவான்.

சுருக்கமாகச் சொன்னால், கணவனும் மனைவியும் உட்கார்ந்து இரண்டு மூன்று எழுத்தில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுங்கள். அகராதியில் பொருள் பாருங்கள். தாத்தா பெயரை விட மனமில்லையா, அதிலிருந்தே ஒரு சின்னப் பகுதியை எடுங்கள். கதிர்வேல் தாத்தாவின் பேரன் கதிர், வேலுச்சாமி தாத்தாவின் பேரன் வேலன். வாசலில் நின்று உரக்க ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். நாக்கு தடுக்கவில்லையென்றால் அதையே சான்றிதழில் எழுதி, அதையே வீட்டிலும் சொல்லுங்கள். கொஞ்சும்போதுகூட ‘கண்ணு’க்கு முன்னால் அந்தப் பெயரைச் சேருங்கள்: “கதிரு கண்ணு!”

அவன் திரும்பிச் சிரிப்பான் பாருங்கள். திரும்பவில்லையென்றால், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.