ரேடியோ லாரியின் பற்சக்கரங்களும் மணலும்

வலியதும் மெலியதும் ஒன்றோடொன்று உராயுமிடத்து முதலில் தேய்வது மெலியதே என்பது நாம் யாவரும் இயல்பாகக் கொண்டுள்ள எண்ணம். அஃது எல்லாவிடத்தும் பொருந்தாதென்பதை யான் ஒரு விளையாட்டு வண்டியினிடம் கற்றேன். ரேடியோ அலைகளால் தூரத்திலிருந்தே செலுத்தப்பெற்று, மேடு பள்ளங்களிலும் மணலிலும் ஓடவல்ல சிறிய மின்சார லாரி அது. மெய்யான லாரியிற் பத்தில் ஒரு பங்கு அளவினது. அதன் மோட்டார் அச்சில் எஃகினாலாய சிறு பற்சக்கரமொன்று உண்டு. அதனைப் பினியன் என்பர். அது நைலானாற் செய்த பெரிய பற்சக்கரத்தைச் சுழற்ற, அதன் வழியே சக்தி பின் சக்கரங்களைச் சேரும். வண்டி வந்த நாளன்றே யான் அவ்விரண்டிற்கும் கிரீஸைத் தாராளமாகப் பூசி மகிழ்ந்தேன். சில வாரம் மணற்பாங்கான திடலில் ஓட்டியபின் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, நைலான் பற்கள் ஏறக்குறைய வந்தபடியே இருந்தன. எஃகுப் பற்களோ சுறாமீனின் முதுகுத் துடுப்புப்போல ஒருபுறஞ் சாய்ந்து கூராகிவிட்டன.

மட்டமான எஃகு என்று முதலில் நினைத்தேன். பழி எஃகின்மேலன்று, என் கிரீஸின்மேலேயே என்பது பின்னரே விளங்கிற்று.

மணலிற் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னுங் கனிப்பொருள். கனிப்பொருள்களின் கடினத்தை அளக்கும் மோஸ் வரிசையில் வைரத்திற்கு 10 எனில், குவார்ட்ஸுக்கு 7. நன்கு பதமேற்றிய அரத்தின் எஃகும் ஏறத்தாழ 6½ அளவினதே. அலுமினியம் 3-க்கும் கீழ்ப்பட்டது. ஆகவே மணற்றுகள் எஃகைக் கீறவல்லது. இஃது ஒருபுறமிருக்க, அத்துகள் நைலானுக்கும் எஃகுக்கும் இடையே அகப்பட்டால் நிகழ்வது யாதென நோக்குவோம். எஃகு அதனை உள்ளே ஏற்பதில்லை; நைலானோ மென்மையாதலின் இடங்கொடுக்கின்றது. துகள் அதிற் பாதி புதைந்து, மீதிப் பாதி முள்போல வெளியே நீட்டிக்கொண்டு நிலைபெற்றுவிடும். இவ்வாறு பல துகள்கள் பதிந்த நைலான் பல் இனிப் பல்லன்று, உப்புத்தாளே. தான் தேயாமல் எதிர்ப்பல்லை ஒவ்வொரு சுற்றிலும் அராவிக்கொண்டிருக்கும். இரத்தினங்களுக்குப் பட்டை தீட்டுவோர் இவ்வுண்மையை நெடுங்காலமாகவே தம் தொழிலுக்குப் பயன்படுத்தி வருகின்றனர். மெல்லிய செப்புத் தட்டில் வைரப்பொடியைப் பதித்துக் கடினமான கல்லை அதன்மேல் தேய்ப்பார்கள். கல் தேயும், செம்பு பெரும்பாலும் நிற்கும். அவர்கள் வேண்டிச் செய்வதை யான் வேண்டாமற் செய்துவிட்டேன்.

வேகத்தையும் சிறிது கணக்கிடல் நன்று. மோட்டார் நிமிடத்திற்கு 15,000 சுற்றுச் சுழல்வதாகவும், பினியனுக்கு 19 பற்களும் பெருஞ்சக்கரத்திற்கு 86 பற்களும் உள்ளனவாகவும் கொள்வோம். பினியனின் ஒவ்வொரு பல்லும் நிமிடத்திற்கு 15,000 முறை எதிர்ப்பல்லைச் சந்திக்கும். பெருஞ்சக்கரத்தின் பல்லோ ஏறத்தாழ 3,300 முறையே சந்திக்கும். கால்மணி நேர ஓட்டத்தில் ஒரு பினியன் பல்லுக்கு 2,25,000 உராய்வுகள்! சிறியதே முதலில் அழிவதற்கு இதுவும் ஒரு காரணம். 19-ஆல் 86 மீதியின்றி வகுபடாமையும் 19 பகா எண்ணாயிருத்தலும் இங்கு நன்மையே. ஒவ்வொரு பினியன் பல்லும் எதிர்ச்சக்கரத்தின் 86 பற்களையும் முறைமுறையாகச் சந்தித்துத் தேய்வைப் பங்கிட்டுக்கொள்கின்றது. 20-க்கு 80 என்று அமைத்தாலோ, ஒரு பல் என்றென்றும் அதே நான்கு பற்களையே சந்திக்கும். அவற்றுள் ஒன்றிற் பதிந்த மணல் அந்த ஒரு பல்லையே ஓயாது அராவும். கணிதம் பயிலும் நம் மாணவர் இதனைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

நிற்க. கிரீஸ் செய்த தீங்கு யாது? உலர்ந்த பற்களின்மேல் விழும் தூசியிற் பெரும்பகுதியைச் சுழற்சியே உதறிவிடும். கிரீஸோ அதனைப் பிடித்துவைத்துச் சாணைக் குழம்பாக்கிப் பற்களுக்கு இடையே மீண்டும் மீண்டும் ஊட்டும். இதனால் கிரீஸே கூடாதென்பது என் கருத்தன்று. தூசி புகாத பெட்டிக்குள் அடங்கிய சக்கரங்களுக்கு அஃது இன்றியமையாதது. டிபரென்ஷியலுக்குள் சிலிக்கோன் எண்ணெயும் அவ்வாறே. திறந்த பற்களுக்கே அது பகை.

இவ்வேறுபாடு வண்டியின் அமைப்பைப் பொறுத்தது. ஜப்பானிய டாமியா கம்பெனியார் 1979-இல் மணலிலோடும் ஸாண்ட் ஸ்கார்ச்சர் வண்டியை வெளியிட்டபோது, ரேடியோக் கருவிகளை நீரும் மணலும் புகாத, ஒளி ஊடுருவும் பெட்டியினுள் அடைத்தனர். 1987-இல் அவர்கள் வெளியிட்ட கிளாட் பஸ்டர் என்னும் பெருஞ்சக்கர லாரியில் அச்சுக்கு ஒன்றாக இரு மோட்டார்கள். பினியனும் பெட்டிக்குள்ளேயே அடங்கும். 2008-இல் அமெரிக்க டிராக்ஸஸ் கம்பெனியாரிடமிருந்து வந்த ஸ்லாஷ் லாரியிலோ பினியனும் பெருஞ்சக்கரமும் பெட்டிக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் மூடியின் கீழ் உள்ளன. பினியனை விரும்பியபடி மாற்றிக்கொள்ள இவ்வமைப்பு வசதியானது. ஆனால் அம்மூடியும், அதிலுள்ள சிறு ரப்பர் அடைப்பானும் இல்லாமல் ஓட்டுவது கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காவல் காப்பதை ஒக்கும். அடைப்பான் தொலைந்தால் என்ன என்று அசட்டை செய்வோர் பலர். யானும் அவருள் ஒருவனாயிருந்தேன்.

இரு சக்கரங்களின் இடைவெளியையும் ஒழுங்குசெய்தல் வேண்டும். நெருங்கினால் சூடேறிப் பல் உருகும். விலகினால் நுனியில் மட்டுமே பிடித்து முறியும். நோட்டுப் புத்தகத் தாளில் மெல்லிய துண்டொன்றை இரண்டிற்கும் இடையே வைத்து, மோட்டாரை நெருக்கித் திருகாணிகளை முடுக்கியபின் சக்கரத்தைக் கையாற் சுழற்றித் தாளை வெளியே எடுக்க. தாள் கிழியாமல் மடிப்பு மடிப்பாக வருமாயின் இடைவெளி சரி. சக்கரங்கள் முழு வட்டமாய் அமைதல் அரிதாகலின், மூன்று நான்கு இடங்களிற் சோதித்தல் நன்று. பாய்ந்து தரையில் விழும் வேளையில் மோட்டாரை முழு வேகத்தில் வைத்திருப்போர்க்கு மட்டும் இவ்வளவும் பயன்படாது. வழுக்கும் கிளட்ச்சைச் சற்றே தளர்த்தி வைத்தாலன்றி அவர்தம் பற்கள் தேயுமுன்னரே ஒடியும்.

ஓட்டி முடித்தபின் முதலில் பாட்டரியைக் கழற்றுக. ஈரச் சேற்றை உலரவிட்டுப் பழைய பல்துலக்கும் பிரஷினால் தட்டி நீக்குக. குழாய் நீரை வேகமாய்ப் பீச்சுவது கூடாது. அது வெளியிலிருக்கும் மணலை பேரிங்கின் ரப்பர் விளிம்பைத் தாண்டி உள்ளே செலுத்தும். நீரில் ஓடிய வண்டியின் பேரிங்குகளுக்கு உலர்ந்தபின் ஒரு துளி எண்ணெய் இடுதல் வேண்டும், கடல்நீராயின் அன்றே. அவ்வெண்ணெய் பக்கத்துப் பற்களில் வழியாதபடி பார்த்துக்கொள்க.

என் லாரிக்குப் புதிய பினியனை மட்டும் வாங்கி மாட்டியிருந்தால் அதுவும் சில வாரத்தில் கூராகியிருக்கும். மணல் பதிந்த பழைய நைலான் சக்கரத்தைக் கண்ணாடி வில்லையின் கீழ் வைத்துப் பார்த்தபோது பற்களின் முகமெங்கும் வெண்பொடிகள் மின்னின. ஆதலின் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன். மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த பழைய கிரீஸை ஐஸோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தெடுத்தேன். துணியைத் தேய்த்தபோது விரல்களில் நறநறவென்றது. ரப்பர் அடைப்பானுக்கு விலை அற்பமே. இப்போது அச்சக்கரங்கள் ஒரு பொட்டுக் கிரீஸுமின்றி உலர்ந்தே சுழல்கின்றன. முன்னிலும் சற்று உரக்கவே ஒலிக்கின்றன.