குப்பைக் கட்டணத்தை நிர்ணயிப்பவர் யார்?

கடைவீதியில் ஒரு கடைக்காரர் விலையைக் கூட்டினால் நாம் அடுத்த கடைக்குச் செல்லலாம். வீடுதோறும் குப்பை அகற்றும் தொழிலில் இது எளிதன்று. ஒரே தெருவில் நான்கு கம்பெனிகளின் வண்டிகள் சென்றால் எரிபொருளும் உழைப்பும் வீணாகும். ஆகவே ஒரு வட்டாரத்துக்கு ஒரே கம்பெனி என்ற ஏற்பாடு பல நகரங்களில் உள்ளது. போட்டியற்ற இடத்தில் கட்டணத்தை நியாயமான அளவில் நிறுத்துவது எவ்வாறு? அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஸான் பிரான்ஸிஸ்கோ நகரின் அனுபவம் இதற்கு விடை தருகிறது. கூட்டுறவாளராகிய நமக்கு அதில் தனிப்பட்ட படிப்பினையும் உண்டு.

உழைப்பவரே உடைமையாளர்

அந்நகரில் இத்தொழிலைச் செய்தவர் பெரும்பாலும் இத்தாலியிலிருந்து குடியேறிய எளிய மக்கள். தனித்தனியே வண்டியோட்டி, தமக்குள் போட்டியிட்டு நலிந்த அவர்கள், 1920-ஆம் ஆண்டையொட்டி இரண்டு ஸ்தாபனங்களாக ஒன்றுகூடினர். பங்குதாரர்கள் தாமே குப்பை சுமந்தனர். பெயரளவில் கம்பெனிகளாயினும் நடைமுறையில் அவை தொழிலாளர் கூட்டுறவுகளை ஒத்திருந்தன.

1932 நவம்பரில் வாக்காளர்கள் ஒரு சட்டத்தை நிறைவேற்றினர். நகரம் 97 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் அனுமதி வழங்கப்பட்டது. காலப்போக்கில் அவ்வனுமதிகள் யாவும் மேற்கூறிய ஸ்தாபனங்களின் கைக்கு வந்தன. 1980-களில் இரண்டும் ஒரே நிறுவனத்தின் கீழ் அமைந்தன. பங்குகள் தொழிலாளருக்கான பங்குத் திட்டத்தின் வசமாயின. 2009 முதல் அந்நிறுவனத்தின் பெயர் ரீகாலஜி.

கட்டணக் கணக்கு

கட்டணத்தைக் கம்பெனி தன் விருப்பம்போல் உயர்த்த இயலாது. வரவு செலவுக் கணக்குடன் நகராட்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பொதுப்பணித் துறைத் தலைவர் அதனைப் பரிசீலித்துச் சிபாரிசு செய்வார். ஆட்சேபம் எழுந்தால் மூவரடங்கிய கட்டணக் குழு தீர்ப்பளிக்கும். இதுவே பல காலம் இருந்த முறை.

கட்டணக் கணக்கின் அடிப்படை 91 என்னும் எண். அங்கீகரிக்கப்பட்ட செலவு 91 டாலரானால் 100 டாலர் வசூலிக்கலாம். மிச்சம் 9 டாலர் லாபம். பார்வைக்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால் செலவு 182 டாலராகப் பெருகினால் வசூல் 200 டாலராகும். லாபமும் 18 டாலராக இரட்டிக்கும். சிக்கனம் செய்தால் லாபம் குறையும். செலவு பெருகினால் லாபம் பெருகும்! ஆகவே இம்முறையில் மக்களுக்குள்ள பாதுகாப்பு ஒன்றே: செலவின் ஒவ்வொரு இனமும் அவசியமானதுதானா, வரவு முழுவதும் கணக்கில் வந்துள்ளதா என்று அயராது சோதிப்பது.

சோதனை தளர்ந்தபோது

2017-இல் கட்டணம் ஏறத்தாழ 14 சதவிகிதம் உயர்ந்தது. வரவு செலவைக் கணக்கிட்டதில் பிழை நேர்ந்திருந்தது. உயர்வு 7 சதவிகிதமாகவே இருந்திருக்க வேண்டும் என்பது பின்னர் தெரிய வந்தது. 2020 ஜனவரியில் பொதுப்பணித் துறைத் தலைவர் ஊழல் குற்றச்சாட்டின் பேரில் கைதானார். அதன்பின் நடந்த விசாரணைகளின் விளைவாக, சுமார் 9 கோடியே 45 லட்சம் டாலரைக் கட்டணம் செலுத்தியோருக்குத் திருப்பித் தரவும், 70 லட்சம் டாலர் அபராதம் செலுத்தவும் 2021 மார்ச்சில் கம்பெனி உடன்பட்டது. அதுவரை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் குடும்பங்கள் மிகுதியாகச் செலுத்தி வந்தன.

2022 ஜூனில் வாக்காளர்கள் சட்டத்தைத் திருத்தினர். கணக்கைப் பரிசீலித்துக் கட்டணத்தை முன்மொழியும் பொறுப்பு நகரின் கணக்குக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு மாற்றப்பட்டது. கட்டணக் குழுவிலும் கட்டணம் செலுத்துவோரின் பிரதிநிதி ஒருவருக்கு இடமளிக்கப்பட்டது.

நாம் உணர வேண்டியது

உடைமை உழைப்பவரிடம் இருந்தால் நியாயம் தானே விளையும் என நம்மில் பலர் எண்ணுகிறோம். அது உழைப்பவருக்கு நியாயம் தரலாம். சேவையைப் பெறுவோருக்கும் தரும் என்பதற்கு அதுமட்டும் உறுதியாகாது. ஓர் ஊருக்கு ஒரே சங்கமாக விளங்கும் ஸ்தாபனம், அது கூட்டுறவேயாயினும், தன் கட்டணத்தின் காரணத்தைக் கட்டணம் தருவோர் முன் விளக்கக் கடமைப்பட்டது. அதனால் சங்கத்தின் மதிப்புக் குறையாது, நம்பிக்கையே வளரும்.

வாசகர் குழுவில் விவாதிக்க:

1. நம் சங்கம் வசூலிக்கும் சாயக் கூலி, கிடங்கு வாடகை முதலியவற்றை நிர்ணயிப்பவர் யார்? அவற்றின் கணக்கை அங்கத்தினர் பார்த்ததுண்டா?

2. செலவின்மீது இத்தனை விகிதம் என்று லாபம் வைத்தால், சிக்கனத்துக்கு ஊக்கமளிப்பது எவ்வாறு?

3. ஒரே துறையினர் கணக்கைப் பரிசீலிக்கையில் தவறு நேர்ந்தால், அதனைக் கண்டுபிடிக்க இன்னொருவர் இருக்கிறாரா?