டெமோ கிளாஸில் ஆப் பட்டியல் வேண்டாம்

"வகுப்பறையில் டெக்னாலஜியை எப்படிப் பயன்படுத்துவீர்கள்?" பி.எட். முடித்துத் தனியார் பள்ளி இன்டர்வியூவுக்குப் போகிறீர்களா? இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தே போங்கள். பலரும் உடனே ஆப்களின் பெயர்களை அடுக்குவார்கள். வெளியே காத்திருப்பவர்களும் அதே பட்டியலோடுதான் வந்திருப்பார்கள். பிரின்சிபால் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு: பிள்ளைகளுக்குப் புரிந்ததா, புரிந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்விக்குப் பதிலை டெமோ கிளாஸில் நடத்திக் காட்டுகிறவர்தான் முந்துவார்.

1. பாடத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் பாடத்தில் சாக்பீஸ் திணறும் இடம் எது? பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலை எடுத்துக்கொள்வோம். மின்சுற்றை போர்டில் வரைந்துவிடலாம். மின்னோட்டம் பாய்வதை வரைய முடியாது. அங்கே ஃபெட் சிமுலேஷன் கைகொடுக்கும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. இலவசம். தமிழிலும் பல சிமுலேஷன்கள் இருக்கின்றன. முன்பே டவுன்லோட் செய்துவைத்தால் இன்டர்நெட் இல்லாமலும் ஓடும்.

ஓடவிட்டு வேடிக்கை காட்டினால் மட்டும் போதாது. தொடர் இணைப்பில் இரண்டு பல்புகள். ஒன்றைக் கழற்றினால் மற்றது எரியுமா? முதலில் கேளுங்கள். கை தூக்கச் சொல்லுங்கள். எரியும் என்றவர்கள் எத்தனை பேர், அணையும் என்றவர்கள் எத்தனை பேர் என்று போர்டில் எழுதுங்கள். அதற்குப் பிறகு கழற்றிக் காட்டுங்கள். அடுத்து பக்க இணைப்பு. மறுபடியும் கேள்வி, மறுபடியும் கை. முதலில் தவறாகச் சொன்ன மாணவரையே காரணத்தை விளக்கச் சொல்லுங்கள். போர்டில் இருக்கும் அந்த எண்கள்தான் உங்கள் ஆதாரம். பின்பெஞ்சில் அமர்ந்து மார்க் போடுகிறவர் அதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்.

கணக்கு எடுப்பவர்கள் இதையே ஜியோஜீப்ராவில் செய்யலாம்: கோட்டை நகர்த்தும் முன் சாய்வு கூடுமா குறையுமா என்று கேளுங்கள். மொழிப்பாட ஆசிரியருக்கு போனில் இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டரே போதும். மாணவர் வாசித்ததை அவருக்கே போட்டுக் காட்டுங்கள். எங்கே தடுமாறினார் என்பதை அவரே பிடித்துவிடுவார்.

2. மாணவர்கள் கையில் போன் இருக்காது. இதை மனதில் வைத்தே திட்டமிடுங்கள். பிளிக்கர்ஸ் இதற்கென்றே வந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு காகித அட்டை. அட்டையைத் திருப்பிப் பிடிக்கும் பக்கத்தைப் பொறுத்து விடை மாறும். ஆசிரியர் தன் போன் கேமராவால் வகுப்பை ஒருமுறை ஸ்கேன் செய்தால் யார் எதைத் தேர்ந்தார்கள் என்பது தெரியும். வாய் திறக்காத பிள்ளையின் பதிலும் உங்களுக்குக் கிடைக்கிறது. எனக்கு இந்தக் கருவி பிடிக்கக் காரணம் அதுதான்.

3. ஃபான்ட் பிரச்சினையைத் தீர்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாமினியில் டைப் செய்த ஸ்லைடு, அந்த ஃபான்ட் இல்லாத பள்ளி லேப்டாப்பில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் டைப் செய்யுங்கள். பிடிஎஃப் பிரதி ஒன்றைப் பென்டிரைவில் வையுங்கள். போனைக் கனெக்ட் செய்வதாக இருந்தால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். சொந்த வாட்ஸ்அப் மெசேஜ் திரையில் வந்து நிற்கக் கூடாது. கரன்ட் போனால் அதே பாடத்தை போர்டில் எப்படித் தொடர்வீர்கள் என்பதற்கும் ஒரு பக்கக் குறிப்பு கையில் இருக்கட்டும்.

4. ஏஐ எழுதிய லெசன் பிளானை அப்படியே நீட்டாதீர்கள். கேள்வித்தாள் மாதிரி, கூடுதல் பயிற்சிக் கணக்கு ஆகியவற்றுக்கு சாட்ஜிபிடியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு வரியையும் பாடநூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கலைச்சொல் பாடநூலில் உள்ளபடியே இருக்க வேண்டும். தேர்வில் மாணவர் எழுதப்போவது அதைத்தான்.

5. பிள்ளைகளை வைத்து ரீல்ஸ் போடாதீர்கள். லைக் வரும், வேலை போகும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே வரையறுக்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இருக்கட்டும், உங்களை நம்பி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகம் உங்கள் விளம்பரத்துக்கானது அல்ல. போர்ட்ஃபோலியோவுக்கு வீடியோ வேண்டுமா? உங்களையும் போர்டையும் மட்டும் எடுங்கள். மூன்று நிமிடம் போதும்.

6. அரசுப் பள்ளிதான் இலக்கா? டெட், டிஆர்பி படிப்போடு அங்கே புழங்கும் கருவிகளையும் இப்போதே பழகுங்கள். 2018-இல் வரத் தொடங்கிய புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறது. உங்கள் பாடத்துக்கான வீடியோக்களைத் திறந்து பார்த்து, எது தேறும், எது தேறாது என்று இன்றே குறித்துவையுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி ஆப்பையும் பாருங்கள். வேலையில் சேர்ந்ததும், மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் என்ட்ரியில் நீங்கள் கெட்டிக்காரர் என்பது தெரிந்தால் எல்லோருடைய என்ட்ரியும் உங்கள் மேஜைக்கு வரும். கற்றுக்கொடுங்கள், ஆனால் மொத்தத்தையும் தலையில் சுமக்காதீர்கள். வகுப்புக்குத் தயாராகும் நேரம் அதில்தான் கரையும்.

ஜூனில் தொடங்கும் கல்வியாண்டுக்குத் தனியார் பள்ளிகள் கோடை விடுமுறைக்கு முன்பிருந்தே ஆள் தேடத் தொடங்கிவிடும். அதற்குள் இரண்டு பாடங்களையாவது நடத்திப் பார்த்துத் தயாராக வைத்திருங்கள்.