துணையுடன் மீள்தல்

மன உறுதி இல்லாதவரே புகைப்பழக்கத்தை விட இயலாதவர் என்பது பொதுவான எண்ணம். அது முழு உண்மையன்று. புகையை உள்ளிழுத்த சில நொடிகளில் நிக்கோட்டின் மூளையை அடைந்து, டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. நாளடைவில் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. புகைப்பதை நிறுத்தியதும் எரிச்சல், பதற்றம், உறக்கமின்மை ஆகியன தோன்றுகின்றன. அவை முதல் சில நாள்களில் மிகுந்து, பின்னர்ச் சில வாரங்களில் தணிகின்றன. இதனை அறியாத இளைஞர், மூன்றாம் நாளே தாம் தோற்றுவிட்டதாகக் கருதி மீண்டும் புகைக்கத் தொடங்குகிறார். அவருக்குத் துணை தேவைப்படுவது அந்நாள்களில்தான்.

சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் இதற்கென ஆலோசனை மையம் உள்ளது. ஆயினும், மதுராந்தகத்தை அடுத்த கருங்குழி போன்ற ஊர்களில் வாழும் இளைஞர்கள், வேலையை விட்டு அடிக்கடி சென்னைக்குச் சென்றுவருதல் எளிதன்று. அக்குறையைப் போக்க 2016இல் தேசியப் புகையிலை நிறுத்த உதவிச் சேவை தொடங்கப்பட்டது. 1800-11-2356 என்னும் அதன் கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம். 2018 முதல் இவ்வெண் சிகரெட் பெட்டிகளின் மீதே அச்சிடப்படுகிறது. அதனை அழைத்து உதவி கேட்பதும் மன உறுதியே ஆகும்.