அரசமரமும் ஆய்வுக்கூடத்துக் குமிழியும்

பிரிக்பீல்ட்ஸ் மகா விகாரையின் போதி மரத்தடியிலும், கிள்ளான் வட்டாரத்துக் கோயில் முற்றங்களில் மேடை கட்டி வளர்த்திருக்கும் அரசமரங்களின் அடியிலும், பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவரும் ஒரு வார்த்தை உண்டு: மற்ற விருட்சங்களெல்லாம் பகலில் மாத்திரம் பிராணவாயுவை வெளியிடும், அரசமரமோ இரவு பகல் என்ற பேதமின்றி வெளியிடும், ஆகையினால்தான் முன்னோர் அதை வலம்வரச் சொன்னார்கள் என்பது. மரத்தின்மீது வைத்த பக்தி மதிக்கத்தக்கது. அதற்கு ஆதாரமாக விஞ்ஞானத்தின் பெயரால் கூறப்படும் இந்தக் காரணம் மட்டும் உண்மையன்று. பிராணவாயு வெளிப்பட வேண்டுமானால் இலைக்குள்ளே நீர் பிளவுபட வேண்டும். நீர் பிளவுபட வேண்டுமானால் பச்சையத்தின்மீது ஒளி விழ வேண்டும். இருளிலே இந்தக் காரியத்தைச் செய்யும் இலை, அரசிலையானாலும் துளசியிலையானாலும், உலகில் இல்லை.

சுங்கை பூலோ நாற்றங்கால்களில் ஸ்னேக் பிளாண்ட் என்ற பெயரில் விற்கப்படும் மருள் இனத்துச் செடியைப் படுக்கையறையில் வைத்தால் இரவெல்லாம் பிராணவாயு கிடைக்கும் என்று நம்பி வாங்குவோரும் பலர். இந்த நம்பிக்கைக்குள் பாதி உண்மை ஒன்று ஒளிந்திருக்கிறது. மருள், அன்னாசி, கள்ளி முதலிய சில தாவரங்கள், பகல் வெப்பத்தில் நீரை இழந்துவிடாமலிருக்கும் பொருட்டு, இலைத்துளைகளை இரவில் திறந்து கரியமிலவாயுவை உட்கொண்டு, அதை மாலிக் அமிலமாக்கிச் சேமித்துவைக்கின்றன; விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்ததைச் சூரிய ஒளியின் துணையால் சர்க்கரையாக்குகின்றன. இரவில் நிகழ்வது கரியமிலவாயுவை வாங்குவது மாத்திரமே. பிராணவாயு பிறப்பது அவற்றிலும் பகலில்தான்.

இந்த விந்தையை முதன்முதல் கண்டறிந்தவர்களுள் ஒருவர் நம் தமிழகத்தோடு தொடர்புடையவர் என்பதை இங்கே குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. தரங்கம்பாடி மிஷனைச் சார்ந்து வந்து, பின்பு கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சென்னை ராஜதானியில் தாவர ஆராய்ச்சியாளராகப் பணிபுரிந்த பெஞ்சமின் ஹைன் என்பவர், இலை விளிம்பிலே குட்டிச் செடிகள் முளைக்கும் ரணகள்ளியின் இலையை வெவ்வேறு வேளைகளில் மென்று பார்த்து, அது காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது, மாலையில் சற்றே கசக்கிறது என்று 1813-ல் எழுதினார். கருவி ஏதுமின்றி, நாவினாலேயே ஒரு பெரிய உண்மையின் வாசலை அவர் திறந்துவிட்டார். இன்று எந்தப் பள்ளியிலும் ரணகள்ளி இலையை விடியற்காலையிலும் மாலையிலும் நசுக்கி அமிலத்தாளால் சோதித்தால் அதே வேறுபாட்டைப் பிள்ளைகள் கண்ணால் காணலாம்.

இரவில் மரத்தடியில் படுத்தால் கரியமிலவாயுவால் உயிருக்கே ஆபத்து என்னும் எதிர்ப்பக்க நம்பிக்கையும் அளவு தெரியாமல் பிறந்ததே. ஒரு சதுரமீட்டர் இலைப்பரப்பு இருளில் ஒரு மணி நேரத்தில் வெளிவிடுவது, ஏறத்தாழ ஒரு லிட்டரில் பத்தில் ஒரு பங்கு. பக்கத்தில் உறங்கும் மனிதர் வெளிவிடுவதோ பத்து லிட்டருக்குக் குறையாது. இலைகள் பகலிலும் சுவாசிக்கின்றன என்பதையும், ஒளிச்சேர்க்கை அதனினும் பன்மடங்கு மிகுதியாக நடப்பதால்தான் அச்சுவாசம் நமக்குப் புலப்படுவதில்லை என்பதையும் மாணவர்கள் மனத்தில் கொள்வது அவசியம்.

இனி, உரந்தான் செடியின் ஆகாரம் என்னும் கருத்து. தோட்டத்து வாழ்க்கையில் தலைமுறை தலைமுறையாக உரமூட்டை சுமந்த சமுதாயத்தில் அது வேரூன்றியதில் வியப்பில்லை. பெல்ஜிய வைத்தியர் வான் ஹெல்மாண்ட், 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் வார்த்து வளர்த்து எடுத்தபோது, மரம் 169 பவுண்டுக்கு மேல் இருந்தது. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ். அவர் மறைந்தபின் 1648-ல் இது அச்சாயிற்று. அத்தனை எடையும் நீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவுகட்டியது பிழை. காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம்; அது முழுவதும் காற்றின் கரியமிலவாயுவிலிருந்து வந்தது. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் விடியுமுன் எழுந்து சீவிய பால்மரத்தின் ரப்பர், கரிமமும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த பொருள். அக்கரிமம் காற்று தந்தது, ஹைட்ரஜன் நீர் தந்தது. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் முதலிய சத்துகளை அளிக்கும் உரமின்றிச் செம்பனை நன்கு காய்க்காது என்பது மெய். ஆயினும் அதன் உணவை அதன் ஓலைகளே சமைக்கின்றன.

2021 முதல் எஸ்.பி.எம். உயிரியலில் செய்முறைத் தேர்வும் சேர்ந்துவிட்டதால், ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே உலவும் நம்பிக்கைகளைத் திருத்துவது மேலும் அவசரமாகிறது. செம்பருத்தி இலையில் அயோடின் கரைசலை விட்டுக் கருநீலம் கண்டவுடன் ஒளிச்சேர்க்கையையே கண்டுவிட்டதாக மாணவர்கள் எழுதுகிறார்கள். அயோடின் காட்டுவது மாப்பொருளை மட்டுமே. மாப்பொருள் நீங்கிய இலையைச் சர்க்கரைக் கரைசலில் மிதக்கவிட்டால் இருளிலும் அதில் மாப்பொருள் உண்டாகும். வெங்காயத் தாளிலோ, நல்ல வெயிலில் நின்றாலும் மாப்பொருள் சேர்வதில்லை. செடியை முன்கூட்டியே ஒன்றிரண்டு நாள் இருளில் வைப்பது எதற்காக என்பது இப்போது விளங்கும்: பழைய சேமிப்பு கரைந்தாலன்றிப் புதியது எதுவென்று சொல்ல முடியாது. இலையைக் கொதிநீரில் இடுவது பச்சையத்தை நீக்க என்று பலர் எழுதுவதும் தவறு. அது இலையின் உயிரணுக்களைக் கொன்று சவ்வுகளைச் சிதைப்பதற்காக. பச்சையத்தைக் கரைப்பது எத்தனால். அதை நேரே நெருப்பில் வைக்கக் கூடாது, வெந்நீர் முகவைக்குள்தான் சூடாக்க வேண்டும். இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத்தாளால் மூடும் சோதனையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது: தாள் ஒளியை மட்டுமா தடுக்கிறது, காற்றையும் தடுக்கிறதே! இன்னொரு இலையில் அதே அளவு ஒளிபுகும் நெகிழித் துண்டை வைத்தால்தான் அந்த ஐயம் தீரும்.

எல்லாவற்றிலும் அதிகமாக ஏமாற்றுவது ஹைட்ரில்லாவின் குமிழி. விளக்கை நெருக்கிவைத்தால் குமிழி பெருகுகிறது, ஆகவே ஒளி மிகுந்தால் ஒளிச்சேர்க்கை மிகும் என்று எழுதி முடிக்கிறோம். தற்சார்பு மாறி ஒளி, சரி. ஆனால் பழைய இழை பல்பு ஒளியோடு வெப்பத்தையும் தருகிறது. நீர் சூடேறினால் அதில் கரைந்திருந்த காற்று தானாகவே குமிழியாகும். பிளாஸ்டிக் செடியைப் போட்டாலும் அதன்மேல் குமிழிகள் ஒட்டும்! எனவே கொதிக்கவைத்து உயிர்போக்கிய ஹைட்ரில்லாத் தண்டு ஒன்றை அதே விளக்கின்கீழ் அருகில் வைக்க வேண்டும். இடையே நீர் நிறைந்த கண்ணாடித் தொட்டியை நிறுத்தி வெப்பத்தைத் தடுக்க வேண்டும், அல்லது எல்இடி விளக்கைக் கையாள வேண்டும். விளக்கின் தூரம் பாதியானால் ஒளி இரு மடங்காகாது, நான்கு மடங்காகும். தூரத்தையே வரைபடத்தில் குறித்துவிட்டு நேர்கோட்டை எதிர்பார்ப்பது வீண். இவ்வளவும் செய்து சேகரித்த வாயுவும் தூய பிராணவாயு அன்று. நீரில் கரைந்த நைட்ரஜனும் அதில் கலந்திருக்கும்.

கரியமிலவாயுவுக்காக முகவையில் சோடியம் பைகார்பனேட் சேர்ப்பதால், குமிழியிலுள்ள பிராணவாயு கரியமிலவாயுவிலிருந்து வந்தது என்ற எண்ணம் மாணவர்களிடம் நிலைத்துவிடுகிறது. 1941-ல் கலிபோர்னியாவில் ரூபனும் காமனும் அவர்தம் தோழர்களும், பிராணவாயுவின் கனமான வகையை ஒருமுறை நீரிலும் மறுமுறை பைகார்பனேட்டிலும் சேர்த்துப் பாசிக்குக் கொடுத்து, வெளிவரும் வாயு நீரிலிருந்தே வருகிறது என்று காட்டினார்கள். பாடநூல்களில் காணும் சுருக்கச் சமன்பாட்டில் ஆறு நீர் மூலக்கூறுகளே உள்ளன. அவற்றில் ஆறு பிராணவாயு அணுக்களே உண்டு, வெளிவருவதோ பன்னிரண்டு. ஆகையால் இடப்பக்கம் பன்னிரண்டு நீர் எழுதி, வலப்பக்கம் புதிதாய் உண்டாகும் ஆறு நீரையும் சேர்த்துக் காட்டுவதே, இலைக்குள் நடப்பதை உள்ளபடி கூறும் சமன்பாடு.