நோட்டு நடுவில் இருக்கட்டும்

காவேரிப்பட்டினம்,
ஆனி 8

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்கிறாயாம், சாப்பாட்டு நேரத்திலும் கம்பெனி லைனை விட்டு நகர்வதில்லையாம். உங்கப்பாவும் இப்படித்தான் எல்லாப் பாரத்தையும் தன் தலையிலேயே ஏற்றிக்கொண்டான். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் லைனில் இருக்கும் ஒடிசாப் பையன் தப்பு செய்துவிட்டு வாயே திறக்கவில்லை, அவனை லைனிலிருந்து எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டாய். டீம் லீடர் நீ. முடிவு உன்னுடையதுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன்.

1989-ல் தமிழ்நாட்டில் அரசு மகளிர் சுயஉதவிக் குழுக்களை ஆரம்பித்தது நம் பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான். ஒரு குழுவுக்கு 12 முதல் 20 பேர். சொத்து, ஜாமீன் எதுவும் கிடையாது. ஒருத்தி கடனுக்கு மற்றவர்கள் கண்தான் காவல். அந்த நம்பிக்கையில்தான் பேங்கும் கடன் கொடுத்தது.

எங்கள் முதல் குழு உடைந்த கதை உனக்குத் தெரியும். குழுவை நடத்திய ஊக்குநர் கெட்டிக்காரி. உன்னைப் போலவே எல்லா வேலையையும் தானே செய்வாள். தீர்மான நோட்டு, பாஸ்புக் எல்லாம் அவள் வீட்டுப் பீரோவில். மாமா ஆபரேஷனுக்கு நான் குழுச் சேமிப்பிலிருந்து உள்கடன் கேட்டபோது "பார்க்கலாம்" என்று நோட்டை மூடினாள். அடுத்த வாரம் பணம் அவள் தங்கை கையில். கோயில் திண்ணையில் இருந்த 15 பேரும் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் செய்தது ஆறிவிட்டது. அந்த 15 பேர் பேசாமல் இருந்தது இன்னும் ஆறவில்லை.

அடுத்த குழுவில் நோட்டைப் பாய் நடுவில் விரித்து வைத்தோம். வாரம் ஒருத்தி கணக்கு வாசிப்பாள். எழுதத் தெரியாதவள் காசு எண்ணுவாள். தவணை கட்ட முடியாதவள் முன்கூட்டியே சொல்லலாம், யாரும் திட்டக்கூடாது. மாங்கூழ் கம்பெனியில் வேலை இல்லாத மாதங்களிலும் ஒரு தவணை நின்றதில்லை.

உன் லைனில் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று பேச ஆளிருக்கிறது. அந்த ஒடிசாப் பையன் பாஷைக்கு யார் இருக்கிறார்கள்? தப்பைச் சொன்னால் கத்துவாய் என்று பயந்திருப்பான். நீ எழுதிக் கொடுத்தால் அடுத்து வருகிறவனும் தப்பை மறைக்கத்தான் கற்றுக்கொள்வான். டைட்டன் ஓசூருக்கு வந்த காலத்தில் கடிகாரத்தைத் திறந்தே பார்க்காத கிராமத்துப் பிள்ளைகளை எடுத்துத்தான் பழக்கினார்கள். இவனுக்கு ஒரு மாதம் கொடுக்கக் கூடாதா? ஷிப்ட் தொடங்கும்போது பத்து நிமிஷம் எல்லோரையும் நிற்க வைத்து, நேற்று எங்கே தப்பு வந்தது என்று கேள். உன் தப்பை முதலில் சொல்.

அத்தை ரொம்பப் பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே கண்ணு. இந்த வயதில் உன்னை நம்பி ஒரு லைனையே கொடுத்திருக்கிறார்கள். தெருவில் யாரைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. நிப்பட்டு இரண்டு பாக்கெட் கொடுத்தனுப்புகிறேன், ஒன்று அவனுக்கு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் அத்தை