ஆயுத பூஜைக்கு நிரப்பி, போகிக்குள் தீர்ப்போம்: மழைக்கால வீட்டுக் கையிருப்புக்கு ஒரு வழிகாட்டி

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். தமிழகத்தின் கடலோர மாவட்டங்களுக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு கிடைப்பதும், புயல் வருவதும் இந்த நாட்களில்தான். கடந்த சில ஆண்டுகளைத் திருப்பிப் பார்த்தால், ஒவ்வொரு பேரிடரிலும் வீட்டில் ஏதோ ஒன்று இல்லாமல் மக்கள் தவித்திருக்கிறார்கள்.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. அடையாற்றங்கரை வீடுகளில் வெள்ளம் புகுந்து சான்றிதழ்களையும் பத்திரங்களையும் கொண்டுபோனது, குடிதண்ணீர் கிடைக்கவில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, பணமதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கரண்ட் போய் ஏடிஎம்மும் கார்டு மெஷினும் முடங்கியதால், கையில் நோட்டு இருந்தவர்களால்தான் பொருள் வாங்க முடிந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், டெல்டா கிராமங்கள் பலவற்றை வாரக்கணக்கில் இருட்டில் தள்ளியது. மோட்டார் ஓடாததால் தண்ணீரும் நின்றது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னைவாசிகள் பால் பாக்கெட்டுக்கு அலைந்தார்கள். அதே மாதம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது, தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் பல ஊர்களுக்குச் சாலைத் தொடர்பே அறுந்தது.

ஆக, என்னென்ன சேர்த்து வைக்க வேண்டும் என்பதை இந்தப் பேரிடர்களே சொல்லிவிட்டன: தண்ணீர், சாப்பாடு, அடுப்பு, மருந்து, வெளிச்சம், ரொக்கம், ஆவணம். எச்சரிக்கை வந்த பிறகு கடைக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லாத ஒரு வீட்டை எப்படித் தயார் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எத்தனை நாளுக்கு என்று முடிவு செய்யுங்கள்

நகரத்தில் மூன்று நாள் வெளியே போகாமல் சமாளிக்கும் அளவுக்காவது கையிருப்பு வேண்டும். ஒரு வாரத்துக்கு இருந்தால் நிம்மதி. கடலோரக் கிராமம், ஆற்றுப் படுகை, ஒரே ஒரு தரைப்பாலத்தை நம்பியிருக்கும் ஊர் என்றால் இரண்டு வாரத்துக்குத் திட்டமிடுங்கள். பிறகு வீட்டில் இருப்பவர்களை ஒவ்வொருவராக எழுதுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, படுத்த படுக்கையில் இருக்கும் பெரியவர், நாய், பூனை என ஒவ்வொருவருக்கும் தேவை வேறு. கீழே உள்ள அளவுகள் நான்கு பேர் குடும்பத்துக்கானவை. உங்கள் வீட்டுக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

படி 2: தண்ணீர்

குடிக்க, சமைக்க என ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வேண்டும். நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். அதாவது 20 லிட்டர் கேன் மூன்று இருந்தால் போதும். மழை மாதங்களில் காலி கேன்களைத் தேங்க விடாமல் உடனுக்குடன் மாற்றி வாங்கினாலே இந்தக் கையிருப்பு எப்போதும் வீட்டில் இருக்கும். ஒரு வாரத்துக்கு 112 லிட்டர் ஆகும். கேன் போக மீதியை, நன்றாகக் கழுவிய மூடியுள்ள டிரம்மில் பிடித்து வைத்து, குடிப்பதற்கு முன் காய்ச்சிக்கொள்ளலாம். தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். கேஸைச் சேமிக்க நினைப்பவர்கள் மருந்துக் கடையில் கிடைக்கும் குளோரின் மாத்திரை ஓர் அட்டை வாங்கி வைத்து, உறையில் சொன்ன அளவும் நேரமும் தவறாமல் பயன்படுத்தலாம்.

டிரம்மை மூடாமல் விடாதீர்கள். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால், பழைய வேட்டியை நான்காக மடித்து வாயில் கட்டுங்கள்.

சம்ப் வைத்திருப்பவர்கள் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தெருவில் தேங்கும் நீர் சாக்கடையோடு கலந்து சம்ப்புக்குள் இறங்கிவிட்டால், உள்ளே பத்தாயிரம் லிட்டர் இருந்தாலும் பயனில்லை. மூடியின் மேல் தடித்த பாலித்தீன் விரிப்பைப் போட்டு, விளிம்பைச் சுற்றி மணல் மூட்டைகளை இடைவெளியின்றி அடுக்குங்கள். அதையும் மீறி வெள்ளம் மூடிக்கு மேல் ஏறிவிட்டால், இறைத்துக் கழுவிக் குளோரின் போடும்வரை அந்தத் தண்ணீரில் வாய்கூடக் கொப்பளிக்க வேண்டாம். இதனால்தான் புயலுக்கு முன்பே மொட்டைமாடித் தொட்டியை நிரப்பி வைக்கச் சொல்கிறோம். கரண்ட் போன பிறகு மோட்டார் ஓடாது.

படி 3: சாப்பாடு

முதல் விதி: வழக்கமாகச் சாப்பிடுவதையே சேர்த்து வையுங்கள். இரண்டாவது: அதில் பாதி அடுப்பில்லாமலே சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும்.

நான்கு பேருக்கு ஒரு வாரத்துக்கு ஏறக்குறைய இவ்வளவு தேவைப்படும்:

- அரிசி 7 கிலோ
- பாசிப்பருப்பும் துவரம்பருப்பும் சேர்த்து 2 கிலோ
- அவல் 2 கிலோ
- ரவை, சேமியா தலா 1 கிலோ
- பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை தலா அரை கிலோ
- வெல்லம் 1 கிலோ, சர்க்கரை 1 கிலோ, உப்பு 1 கிலோ
- சமையல் எண்ணெய் 1 லிட்டர்
- பால் பவுடர் அரை கிலோ, அல்லது ஃபிரிட்ஜ் தேவைப்படாத டெட்ரா பேக் பால்
- ரஸ்க், பிஸ்கட், பேரீச்சை, சத்துமாவு
- வெங்காயம், உருளைக்கிழங்கு தலா 2 கிலோ. சேனை, கருணை, பூசணி போல ஃபிரிட்ஜ் இல்லாமல் தாங்கும் காய்கள்

பருப்பில் பாசிப்பருப்புக்கு முதலிடம் கொடுங்கள். துவரையைவிடச் சீக்கிரம் வேகும், கேஸ் மிச்சம். அடுப்பே பற்றவைக்க முடியாத நாளில் அவல் கைகொடுக்கும். குடிதண்ணீரில் அலசிப் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, துருவிய வெல்லம் சேர்த்தால் குழந்தைகளின் காலை உணவு ஆயிற்று. அதே அவலில் புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் மதியச் சாப்பாடு. புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சுண்டக் காய்ச்சி, ஆறிய பிறகு ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு, உலர்ந்த கரண்டியாலேயே எடுத்தால் வாரக்கணக்கில் கெடாது. பருப்புப் பொடி, ஊறுகாய், வற்றல், கருவாடு ஆகியவையும் கைவசம் இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகையின் ஈரக்காற்றுக்குப் பண்டங்கள் சீக்கிரம் கெடும். ரவையை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, ஆறவைத்து டப்பாவில் போடுங்கள், புழு வைக்காது. வெயில் இருக்கும்போதே பருப்பை ஒருநாள் காயப் போடுங்கள். அரிசியில் காய்ந்த வேப்பிலையோ வசம்புத் துண்டோ போட்டு வைத்தால் வண்டு அண்டாது. வேர்க்கடலையில் பூஞ்சை தெரிந்தாலோ கசந்தாலோ, மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

படி 4: அடுப்பு

இண்டக்‌ஷன் அடுப்பு கரண்டோடு போய்விடும். இரண்டாவது சிலிண்டர் எடுத்து வைப்பது நல்லது. முடியாதவர்கள் 5 கிலோ சிறிய சிலிண்டர் ஒன்றை வைத்திருக்கலாம். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் ஏற்றினால் கேஸ் செலவு குறையும். வீட்டுக்குள் தண்ணீர் வரும் அறிகுறி தெரிந்தால் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரை நிமிர்ந்த நிலையில் ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டிவிடுங்கள். வெள்ளத்தில் அது மிதந்து புரளக்கூடும். கேஸ் வாசம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் ஜன்னல்களைத் திறந்து வெளியேறி, 1906-ஐ அழையுங்கள். கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் மூடிய அறைக்குள்ளோ அறையை ஒட்டிய பால்கனியிலோ வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமில்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

படி 5: மருந்து

தினமும் சாப்பிடும் மாத்திரைகள் எப்போதும் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, வலிப்பு, ஆஸ்துமா ஆகியவற்றுக்கான மருந்துகளை ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலோ மாத்திரை பெறுபவர்கள், மழை தொடங்குவதற்கு முன்பே அடுத்த தவணையைக் கேட்டுப் பாருங்கள். மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

இன்சுலின் எடுப்பவர்களுக்குக் கரண்ட் போவது பெரிய கவலை. பயன்பாட்டில் இருக்கும் குப்பி, பெரும்பாலான வகைகளில், வெயில் படாத இடத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும். உங்கள் வகைக்கு எவ்வளவு என்று அட்டைப் பெட்டியில் பாருங்கள். பிரிக்காத குப்பிகளுக்கு ஒரு பெரிய மண்சட்டிக்குள் சிறிய மண்சட்டியை வைத்து, இடைவெளியில் மணல் நிரப்பித் தண்ணீர் தெளியுங்கள். மூடியுள்ள டப்பாவில் போட்ட மருந்தைச் சிறிய சட்டிக்குள் வைத்து, மேலே ஈரத்துணி போட்டு மூடுங்கள். ஐஸ் பயன்படுத்தினால், மருந்து நேரடியாக அதன் மேல் படக் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது.

முதலுதவிப் பெட்டியில் பாரசிட்டமால், கட்டுத்துணி, கிருமிநாசினி, தெர்மாமீட்டர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து இருக்கட்டும். ஓ.ஆர்.எஸ். தீர்ந்தால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து கொடுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் அதை வைத்திருக்காதீர்கள். வெள்ளநீரில் நடந்தவருக்குச் சில நாளில் காய்ச்சல் கண்டால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தானாக மாத்திரை போடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

நாப்கின், டயாபர், மாற்றுக் கண்ணாடி, சோப்பு, பிளீச்சிங் பவுடர், தடித்த குப்பைப் பைகள் ஆகியவற்றையும் மறக்க வேண்டாம். தரைத்தளத்தில் கழிவறை பொங்கினால், பை மாட்டிய வாளிதான் கழிவறை.

படி 6: வெளிச்சம், போன், ரொக்கம்

ஆளுக்கொரு டார்ச், மாற்று பேட்டரி, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் ஒன்று, பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோ ஒன்று போதும். மெழுகுவத்தியைக் கடைசித் துணையாக மட்டும் வையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதுவே தனி ஆபத்து. 10, 20, 50, 100 ரூபாய் நோட்டுகளாக, ஒரு வாரக் காய்கறி, பால் செலவுக்கு ஆகும் தொகையைத் தனி உறையில் போட்டு வையுங்கள். 112 (அவசர உதவி), 108 (ஆம்புலன்ஸ்), 1077 (மாவட்டக் கட்டுப்பாட்டு அறை), 1070 (மாநிலக் கட்டுப்பாட்டு அறை) ஆகிய எண்களையும் நெருங்கிய உறவினர் எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். போன் அணைந்துவிட்டால் மனப்பாடமாக எத்தனை எண் நமக்குத் தெரியும்?

படி 7: ஆவணமும் கிளம்பும் பையும்

ஆதார், ரேஷன் அட்டை, சான்றிதழ்கள், பத்திரம், பாஸ்புக், காப்பீடு எல்லாவற்றையும் ஜிப் வைத்த பாலித்தீன் உறையில் போடுங்கள். டிஜிலாக்கரில் கிடைப்பவற்றை அதில் சேர்த்து, மற்றவற்றைப் படம் எடுத்து வெளியூர் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். வீட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு கிளம்ப ஒரு முதுகுப்பை வேண்டும். ஆவண உறை, மூன்று நாள் மருந்து, ஒரு செட் துணி, துண்டு, தண்ணீர், பிஸ்கட், டார்ச், பணம் இருந்தால் போதும். பெரியவர் ஒருவரே தூக்கும் எடையைத் தாண்ட வேண்டாம்.

படி 8: உயரத்தில் வையுங்கள், சுழற்றிப் பயன்படுத்துங்கள்

எதையும் தரையில் வைக்காதீர்கள். பரண் அல்லது மேல் அலமாரி நல்லது. தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் மாடிவீட்டாரிடம் இப்போதே பேசி, ஒரு மூலையில் இடம் கேட்டு வைக்கலாம். டப்பா ஒவ்வொன்றிலும் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டுங்கள். புதியது பின்னால், பழையது முன்னால்.

ஆண்டுக்கு இரண்டு நாட்கள் இந்த வேலைக்குப் போதும். ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பரணையும் இறக்கிப் பார்த்து, தேதி முடிந்ததை மாற்றி, குறைந்ததை நிரப்புங்கள். பருவமழைக்கு அதிக நாள் இருக்காது. போகிக்குள் மழைக்காலம் ஏறக்குறைய முடிந்துவிடும். மிஞ்சிய அவலையும் ரவையையும் மார்கழியிலிருந்தே அன்றாடச் சமையலுக்கு எடுத்துத் தீருங்கள். எதுவும் வீணாகாது. மொத்தமாகப் பணம் போடவும் வேண்டாம். ஆடி தொடங்கி மாதச் சாமானோடு இரண்டு மூன்று பொருள்களைக் கூடுதலாக வாங்கினால் புரட்டாசிக்குள் பட்டியல் நிறைந்துவிடும்.

படி 9: எச்சரிக்கை வந்த நாளில்

தொட்டியை நிரப்புங்கள். போன், பவர் பேங்க், இன்வெர்ட்டரைச் சார்ஜில் போடுங்கள். வண்டியை மேட்டில் நிறுத்துங்கள். தரைத்தளக் கழிவறைக் குழியில் மணல் பையை வைத்து அடையுங்கள். தண்ணீர் வாசலை எட்டும்போதே மெயினை அணையுங்கள். அதிகாரிகள் வெளியேறச் சொன்னால் பையை எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். கையிருப்பை நம்பி வெள்ளத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

அன்று கடைக்கு மட்டும் போகாதீர்கள். சரக்கு தாராளமாக இருக்கும் மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் யாருக்கும் எதுவும் குறைவதில்லை. புயலுக்கு முந்தைய மாலையில் பத்து பாக்கெட் பாலைப் பையில் போட்டுக்கொண்டால் அது பதுக்கல். அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு ஏழு மணிக்குத்தான் கடைக்கு வர முடிகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களால் முன்கூட்டி வாங்கி வைக்க முடியாது. முடிந்தவர்கள் ஆடியிலேயே வாங்கிவிட்டால், அந்த மாலை கடையில் இருப்பது அவர்களுக்குக் கிடைக்கும். வீட்டில் கையிருப்பு வைக்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.